கிண்ணத்தில் போடாத முடி

கிண்ணக்காவிடம் யாராவது "சீக்கிரம் முடிஞ்சிடுமா?" என்று கேட்டுவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "சீக்கிரம் வேணும்னா ஒரு தொப்பி வாங்கி மாட்டிக்கோங்க, இங்கே எதுக்கு வந்தீங்க?" என்பாள். வந்தவர்கள் முதலில் முறைப்பார்கள், பிறகு சிரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். அவளிடம் தலையைக் கொடுத்துப் பழகியவர்களுக்கு வேறு கை பிடிக்காது. அந்தப் பார்லருக்கு வந்த கூட்டத்தில் பாதி அவளுடைய கைக்காக வந்தது, மீதி அவள் தங்கையின் வாய்க்காக வந்தது.

பார்லர் தங்கையுடையது. வாசலில் பலகையில் இருப்பது தங்கையின் முகம், தங்கையின் பெயர். உள்ளே மூன்று நாற்காலி, சுவரை அடைத்து ஒரு கண்ணாடி, பின்னால் தலை கழுவ ஒரு தொட்டி, அதற்கும் பின்னால் ஒரு ஆள் திரும்ப முடியாத அளவுக்கு ஒரு சின்ன அறை. அந்த அறைதான் கிண்ணக்காவின் ராஜ்ஜியம். முடி வெளுக்கிற பவுடர் டப்பாக்கள், அதைக் குழைக்கிற டெவலப்பர் திரவ பாட்டில்கள், தூரிகைகள், சாயம் ஏறிப் போன துண்டுகள், ஜன்னல் விளிம்பில் குப்புறக் கவிழ்த்து வைத்த ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தால் வந்த பெயர்தான் கிண்ணக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே மறந்திருப்பாள்.

கிண்ணத்துக்கு ஒரு காரணம் உண்டு. சின்ன வயதில் அவள் வேறொரு பார்லரில் முடி கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அங்கே முடியை வெளுக்க உட்கார்ந்த ஒரு பெண்ணின் தலையிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. அந்தப் பெண் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. முதலாளியம்மா கையைப் பிசைந்துகொண்டு, "அவ தலையெழுத்து" என்று சொல்லி முடித்துவிட்டாள். தலையெழுத்தாவது ஒன்றாவது! பெருக்கிக்கொண்டிருந்தவளுக்கு மனசு ஆறவில்லை. குப்பையிலிருந்து அந்தப் பெண்ணின் முடியைக் கொஞ்சம் பொறுக்கி, மிச்சமிருந்த வெளுக்கும் கலவையில் போட்டுப் பார்த்தாள். கலவை நுரைத்துப் பொங்கியது. கிண்ணத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. அந்தப் பெண் நரையை மறைக்க வீட்டில் எதையோ பூசி வந்திருக்கிறாள், அதில் ஏதோ ஒரு உலோக உப்பு இருந்திருக்கிறது என்று பிறகு மருந்துக்கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டாள். அந்த உப்பு கடுகளவு முடியில் ஒட்டியிருந்தாலும் போதும். மெதுவாக நடக்க வேண்டியதைத் தலைதெறிக்க ஓட வைத்துவிடும், தான் மட்டும் கரையாமல் அப்படியே இருக்கும்.

அன்றிலிருந்து யார் வந்தாலும், பின்கழுத்திலிருந்து நாலைந்து முடியை நறுக்கி, நூலால் கட்டி, கிண்ணத்தில் கலவையோடு போட்டு வைப்பாள். கிண்ணம் சும்மா இருந்தால்தான் தலையில் கை வைப்பாள். கிண்ணத்தின் அடியில் விரலை வைத்துக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல நின்றுகொண்டிருப்பாள். மந்திரியே வந்தாலும் இந்தச் சடங்கு தப்பாது. "என்னக்கா, என் தலையைக்கூட நம்ப மாட்டியா?" என்று பழைய வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள். "உங்களை நம்புறேன், உங்க முடியை நம்ப மாட்டேன்" என்பாள்.

வேலையும் அப்படித்தான். குளிர் நாளென்றால் கலவை சோம்பேறி, அதை விரட்டக் கூடாது. உக்கிரமான வெயில் நாளென்றால் கண்ணை எடுக்கக் கூடாது. பவுடரில் ஒரு கட்டி இருந்தாலும் விட மாட்டாள், கட்டிக்குள் இருப்பது வேலை செய்யாது, வெளியே இருப்பது மட்டும் வேலை செய்து முடி திட்டுத் திட்டாய்ப் போகும் என்று தேய்த்துத் தேய்த்து மாவாக்குவாள். முடியை மெல்லிசு மெல்லிசாய்ப் பிரித்துப் பூசுவாள், அப்போதுதான் எல்லா முடியிலும் கலவை சமமாய்ப் படும். டெவலப்பரில் காட்டமானதும் உண்டு, சாதுவானதும் உண்டு. அவள் சாதுவைத்தான் எடுப்பாள். "காட்டமானதைப் போட்டா சீக்கிரம் ஆயிடுமே?" என்று தங்கை கேட்டால், "ஆமா, முடியும் சீக்கிரம் போயிடும்" என்று வெட்டிவிடுவாள்.

தங்கை வேறு ரகம். வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். வாசலில் எட்டிப் பார்ப்பவளையும் பேசியே உள்ளே இழுத்து உட்கார வைத்துவிடுவாள். அக்கா மணமுடித்துப் போய், புருஷன் ஒரு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன் திரும்பி வராமல், அவனைத் தலைமுழுகிவிட்டு வந்து நின்றபோது, "நீ என் கூடவே இரு அக்கா, நான் பேசுறேன், நீ வேலையைப் பாரு" என்று கூட்டி வந்தவள் தங்கைதான். இல்லையென்று சொல்ல முடியாது. அக்காவும் நன்றியை மறந்தவள் இல்லை, கால் வீங்க நின்று அந்தப் பார்லரைத் தூக்கி நிறுத்தினாள். பலகையில் பெயர் போடும்போது மட்டும் தங்கைக்கு இரண்டு பெயருக்கு இடம் போதாமல் போய்விட்டது.

கிண்ணக்காவுக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான். பார்லருக்கு எதிர் வரிசையில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன இடம் காலியாகக் கிடந்தது. ஒரு நாற்காலி போடலாம். "அதை எடுத்துடறேன் அக்கா, சாயம் போடுறது மட்டும் அங்கே. உன் இடம், உன் பேரு" என்று தங்கை சொல்லியிருந்தாள். சொன்ன நாள் முதல் கிண்ணக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வழியில் போகும்போதெல்லாம் பூட்டிய ஷட்டரின் இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பாள். நாற்காலியை எந்தப் பக்கம் போட்டால் வெளிச்சம் தலையில் விழும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். ஐம்பது வயதில் ஒருத்தி ஷட்டர் இடுக்கில் எட்டிப் பார்ப்பதைக் கண்டு தெருவில் சிரித்தவர்களும் உண்டு.

இந்த இடத்தில் தைலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கை எங்கிருந்தோ கேனில் வாங்கி, சின்னச் சின்னப் பாட்டிலில் ஊற்றி, தன் முகத்தை ஒட்டி, 'மூலிகைத் தைலம், நரை மெல்ல மறையும்' என்று அலமாரியில் அடுக்கியிருந்தாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் நரையை மறைக்க நினைத்தவர்கள், அவர்களில் யாரும் அதுவரை வெளுக்க வந்து உட்காரவில்லை. முதல் பாட்டில் அக்காவுக்குத்தான். "உனக்குத்தான் அக்கா முதல்ல, நரைச்ச தலையோட நிக்கிறே பாரு" என்று தன் கையாலேயே தேய்த்துவிட்டாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தலையை அடுத்தவர் தொட்டு எத்தனை காலமாகியிருந்தது! அதன் பிறகு தினமும் காலையில் குலுக்கி, கையில் ஊற்றி, தானே தேய்த்துக்கொள்வாள். நரையும் மெல்ல மெல்ல மங்கித்தான் போனது.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வந்தது ஒரு மழை நாளில். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை, ஓய்வு பெறப் போகிறவர். கிண்ணக்காவைத் தவிர வேறு யாரிடமும் தலையைக் காட்ட மாட்டார். "போதும்மா, இத்தனை வருஷம் கறுப்பா நடிச்சது போதும். கறுப்பை எடுத்துட்டு நரையோட கலந்து போற மாதிரி பண்ணு. நாளைக்கு எனக்கு வழியனுப்பு விழா, புதுத் தலையோட போய் நிக்கணும்" என்றார்.

"ஒரே நாள்லயா டீச்சரம்மா? ரெண்டு மூணு தடவையா பண்ணினா நல்லா இருக்கும்."

"விழா நாளைக்குத்தானே?"

கிண்ணக்கா பெருமூச்சு விட்டுக்கொண்டு கத்தரியை எடுத்தாள். பின்கழுத்து முடியைப் பிரித்துக்கொண்டே வழக்கமாய்க் கேட்பதைக் கேட்டாள். "வீட்டுல ஏதாவது பூசுறீங்களா? பொடி, சாயம், எதாவது?"

"எதுவும் இல்லை. உங்க கடைத் தைலம்தான் தினமும்."

"அதுவா?" என்று கிண்ணக்கா சிரித்தாள். "அதைத்தான் நானும் போடுறேன்."

முன்னால் இருந்து தங்கை குரல் கொடுத்தாள். "அக்கா, இன்னும் ரெண்டு பேர் காத்துட்டு இருக்காங்க. உன் கிண்ணத்தை ஒரு நாளைக்கு விடேன், டீச்சரம்மா நம்ம வீட்டு ஆள் மாதிரி!"

கிண்ணக்கா கத்தரியை வைத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. மந்திரிக்கும் தப்பாத சடங்கு அன்றைக்கு இப்படித் தப்பியது. நம்ம வீட்டுத் தைலம்தானே!

சாதுவான டெவலப்பரைத்தான் எடுத்தாள். கட்டியில்லாமல் குழைத்தாள். மெல்லிசு மெல்லிசாய்ப் பிரித்துப் பூசி, அலுமினியத் தாளில் மடித்து வைத்தாள். மழைக் குளிரில் கலவை மெதுவாகத்தான் ஏறும், பொறுத்திருப்போம் என்று தூரிகையைக் கழுவப் பின்னறைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்துத் தங்கை வந்து, காத்திருப்பவர்களைச் சமாளிக்கிற அவசரத்தில், மூலையில் கிடந்த ஹீட்டரை இழுத்து டீச்சரம்மாவின் தலைக்கு மேல் கவிழ்த்து, சூட்டைக் கூட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"என்னவோ சுடுதும்மா" என்று டீச்சரம்மா சொன்னது கிண்ணக்காவின் காதில் விழுந்தது. தூரிகையைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் தாள்களின் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ஹீட்டரைத் தள்ளிவிட்டு, வெறுங்கையால் தாளைப் பிய்த்தாள். அவள் விரலும் சுட்டது. முடி, நனைந்த நூல் மாதிரி தாளோடு சேர்ந்து வந்தது. டீச்சரம்மா கத்தவில்லை, பள்ளிக்கூடத்தைக் கட்டி மேய்த்தவர் அல்லவா! நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி, தண்ணி" என்று மட்டும் சொன்னார்.

மருத்துவமனையில் காதுக்குப் பின்னாலும் உச்சியிலும் கட்டுப் போட்டார்கள். புண் ஆறிவிடும், ஆனால் அந்த இடத்தில் முடி முளைக்குமா என்பது சந்தேகம்தான் என்றார் டாக்டர். டீச்சரம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி கிண்ணக்காவைத்தான் பார்த்தார். "நீயாம்மா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கிண்ணக்கா வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "மன்னிச்சுடுங்கம்மா. அக்காவுக்கு வயசாகுது, கண்ணும் முன்ன மாதிரி இல்லை. எந்தப் பாட்டிலை எடுத்தாளோ, எவ்வளவு ஊத்தினாளோ. நான்தான் கவனிச்சிருக்கணும்." சொல்லிவிட்டு அழவும் செய்தாள். அந்த அழுகையைப் பார்த்தால் கல்லும் கரையும். ஹீட்டரைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

கேடுகெட்ட விஷயம் என்னவென்றால், கிண்ணக்காவே அதை நம்பிவிட்டாள். ஹீட்டர் சூடு மட்டும் தாளுக்குள்ளே அப்படிப் பொங்க வைக்காது என்று அவளுக்குத் தெரியும். அப்படியானால் பிசகு கலவையில்தான். காட்டமான பாட்டிலைத்தான் எடுத்துத் தொலைத்தோமோ? தினம் பின்னறைக்குப் போய் பாட்டில்களை எடுத்து எடுத்துப் பார்ப்பாள், கண்ணுக்கு நேரே பிடிப்பாள், தள்ளிப் பிடிப்பாள். எழுத்து நன்றாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அன்றைக்குத் தெரிந்ததா என்று யார் சாட்சி சொல்வது? தன் கையைத் தானே நம்ப முடியாமல் போவதைவிடப் பெரிய தண்டனை அவள் தொழிலில் கிடையாது.

தங்கை அவளைத் துரத்தவில்லை. துரத்தியிருந்தால் தேவலை. "கொஞ்ச நாளைக்குத் துண்டு துவைக்கிறது, பாத்திரம் கழுவுறதுன்னு பின்னாடி இரு அக்கா. ஊர் மறக்கட்டும்" என்றாள். எதிர் வரிசை இடத்தைப் பற்றிக் கேட்டபோது, "இந்த நிலைமைல அதையா கேக்கறே?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அந்த ஷட்டரைத் திறந்து யாரோ செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்தார்கள். நாற்காலி போட நினைத்த இடத்தில் அவர்கள் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்தார்கள். முடி கூட்டிப் பெருக்கி வாழ்க்கையைத் தொடங்கியவள் மறுபடியும் முடி கூட்டிப் பெருக்கினாள்.

உண்மை வெளியே வந்தது ஒரு காலை நேரத்தில், யாரும் தேடாமலே. அன்றைக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வீட்டில் தலைக்குத் தேய்க்க நேரமில்லை. பின்னறையில் நின்றபடியே தைலத்தைக் குலுக்கித் தேய்த்து, சீப்பால் வாரிக்கொண்டாள். சீப்பைக் கழுவலாமென்று கையை நீட்டியபோது அது நழுவி, முந்தின நாள் மிச்சமாய்க் கிண்ணம் ஒன்றில் கிடந்த டெவலப்பரில் விழுந்தது. 'ஸ்ஸ்' என்று சத்தம். சீப்பின் பல்லிடுக்கிலெல்லாம் நுரை கிளம்பியது.

 கிண்ணக்கா ஜன்னல் விளிம்பில், தூசி படிந்து கவிழ்ந்து கிடந்த தன் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள். தன் தலையிலிருந்து ஒரு கொத்து முடியை நறுக்கி, நூலால் கட்டி, கலவையில் போட்டாள். அடியில் விரலை வைத்தாள். வெதுவெதுப்பு சூடாகி, சூடு கொதிப்பாகி, கிண்ணத்தைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. தைலப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் வண்டல் தங்கியிருந்தது, மருந்துக்கடைக்காரர் சொன்ன அதே உலோக உப்பு. தினம் குலுக்கினாளே, எதைக் குலுக்குகிறோம் என்று ஒரு நாளாவது பார்த்தாளா?

தங்கை வந்ததும் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தாள். "இது என்னடி?"

தங்கை பார்த்தாள். கதவைப் பார்த்தாள். போய்ச் சாத்திவிட்டு வந்தாள். "மெதுவாப் பேசு."

"தைலத்துல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"கேன் கொண்டு வர்றவன் மூலிகைன்னுதான் சொன்னான். இது போட்ட தலைல ப்ளீச் மட்டும் போட்டுடாதீங்கன்னும் சொன்னான். அன்னிக்கு இருந்த கூட்டத்துல எனக்கு ஞாபகமே வரலை அக்கா, சத்தியமா."

"ஆஸ்பத்திரிலயாவது ஞாபகம் வந்துதா?"

தங்கை பார்வையை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆக, வந்திருக்கிறது. அக்காவுக்குக் கண் போச்சு, கை போச்சு என்று அழுதபோதே வந்திருக்கிறது.

"சொன்னா கடையையே மூடிடுவாங்க அக்கா. உன் தப்புன்னா யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க, வயசானவ, கை தவறிடுச்சுன்னு விட்டுடுவாங்க. நாம ரெண்டு பேரும் பொழைக்கணும்ல?"

"என் தலைலயும் இதைத்தானேடி தேய்ச்சே? அதுவும் உன் கையால."

இங்கேதான் தங்கை அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள். அவளுக்கு அது குண்டு என்றுகூடத் தெரியவில்லை. தன் நல்ல மனசைக் காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். "புதுச் சரக்காச்சே, ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு தெரியாம ஊராருக்கு எப்படிக் குடுக்கறது? அதான் முதல்ல உனக்குப் போட்டுப் பார்த்தேன். உனக்கு ஒண்ணும் ஆகலை. அப்புறம்தான் அலமாரில வெச்சேன். நான் என்ன, பார்க்காம செய்றவளா?"

   கிண்ணக்காவுக்கு, கண் கலங்க உட்கார்ந்து தலையைக் கொடுத்த அந்த நாள் நினைவுக்கு வந்தது. தங்கையின் விரல்கள் நெற்றிப் பொட்டுவரை இறங்கி மெல்லத் தேய்த்தது நினைவுக்கு வந்தது.  கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, தைலப் பாட்டில் ஒன்றையும் டெவலப்பரையும் கொஞ்சம் பவுடரையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். "அக்கா, எங்கே போறே? அக்கா, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?" என்று தங்கையின் குரல் தெருமுனைவரை வந்தது. தேன் ஒரு சொட்டும் இல்லை அதில்.

டீச்சரம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள். தலையில் துணி கட்டிக்கொண்டு அவரே திறந்தார். யாரென்று பார்த்ததும் முகம் இறுகிப் போயிற்று. "இன்னும் என்னம்மா வேணும்?"

"எதுவும் வேண்டாம் டீச்சரம்மா. இங்கேயே நின்னு பாருங்க, அது போதும்."

வாசற்படியில் உட்கார்ந்து பையைப் பிரித்தாள். கிண்ணத்தில் கலவையைக் குழைத்தாள், கட்டியில்லாமல். பழக்கம் எங்கே போகும்? பிறகு கத்தரியை எடுத்துத் தன் தலைமுடியில் ஒரு பிடியை நறுக்கினாள். உள்ளே போட்டுவிட்டுப் பாட்டிலைப் பக்கத்தில் நிறுத்தினாள், தங்கையின் முகம் வெளியே தெரியும்படி. கிண்ணம் நுரைத்துப் பொங்கிப் படியில் வழிந்தது. "தொட்டுப் பாருங்க" என்றாள்.

டீச்சரம்மா குனிந்து தொட்டார். சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார். பாட்டிலைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், கிண்ணக்காவின் தலையில் கோணலாக வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியதால் முடி முளைத்துவிடுமா என்ன?

"யாரு செஞ்சதுன்னு புரியுது" என்றார் மெதுவாக. "ஆனா ஒண்ணு சொல்லு. இவ்வளவு நேரம்தானே ஆகுது இதுக்கு? இதை ஏன் அன்னிக்கு எனக்குப் பண்ணலை?"

கிண்ணக்கா பதிலைத் தேடவில்லை, அது அவளிடம் தயாராக இருந்தது. கிண்ணம் இன்னும் சூடாகவே இருந்தது, அதைத் துணியால் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பண்ணியிருக்கணும்மா. என் தங்கச்சி கையால எனக்குத் தேய்ச்சுவிட்ட தைலம். அதைப் போய் கிண்ணத்துல போட்டுப் பார்ப்பாங்களான்னு இருந்துட்டேன்."

டீச்சரம்மா கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்று கூப்பிடவும் இல்லை.